ஃபயர்வால் பதிவில் ‘முதல் பத்து’ பட்டியலை வைத்துத் தாக்குதலைப் புரிந்துகொள்ள முடியுமா?

3 பிப்ரவரி 2025, காலை (வாசகர் கேள்வி)

தளத்துக்கு வரும் கோரிக்கைகளை வடிகட்டும் மாட்செக்யூரிட்டி என்ற ஃபயர்வாலும் அதற்கான ஓவாஸ்ப் கோர் ரூல் செட் என்ற விதித் தொகுப்பும் நிறுவி ஒரு மாதம் ஆகிறது. பதிவுக் கோப்பிலிருந்து அதிகம் வந்த பத்து விதி எண்கள், அதிகம் வந்த பத்து ஐபி முகவரிகள் என்று இரண்டு பட்டியல் எடுத்தேன். விதிகளில் முதலிடம் 949110, அடுத்தது 920350, மூன்றாவது 942100. முகவரிகளில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. இந்தப் பத்தையும் நிரந்தரமாகத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கருத்து. தாக்குதல் வடிவம் என்பது இதுதானே?

3 பிப்ரவரி, இரவு (என் பதில்)

இல்லை. முதலில் 949110 என்ற எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எந்தத் தாக்குதலையும் குறிக்காது. மற்ற விதிகள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து ‘வரம்பு தாண்டியது’ என்று சொல்லும் கணக்குப்பிள்ளை அது. ஒவ்வொரு விதியும் தன் கடுமைக்கு ஏற்ப 5, 4, 3, 2 என்று மதிப்பெண் சேர்க்கிறது. உள்வரும் கோரிக்கைக்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 5. ஆகவே மிகக் கடுமையான விதி ஒன்று பட்டாலே கோரிக்கை தடுக்கப்படும், உடனே 949110 ஒரு வரி எழுதும். எந்தத் தளத்தில் எண்ணினாலும் அது முன்வரிசையில்தான் நிற்கும்.

920350 வேறு கதை. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஹெட்டர் என்ற தலைப்பு வரிகள் வரும். அவற்றில் எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் தளத்தின் பெயருக்குப் பதிலாக வெறும் ஐபி எண் இருந்தால் அது எழும்பும். மதிப்பெண் 3, எனவே தனியாக வந்தால் தடுக்காது. ஆனால் ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறது: வந்தவருக்கு உங்கள் தளத்தின் பெயரே தெரியாது. இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறார், உங்கள் வாசல் வழியில் இருந்தது. உங்களைத் தேடி வந்தவர்களையும் வழிப்போக்கர்களையும் பிரிக்க நான் முதலில் பயன்படுத்தும் சல்லடை இதுதான்.

இன்னொன்று. ஒரே கோரிக்கை ஏழெட்டு விதிகளில் பட்டால் ஏழெட்டு வரிகள் எழுதப்படும். வரிகளை எண்ணாதீர்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்தக் கோரிக்கையின் தனி அடையாளக் குறி இருக்கும். அதை வைத்து வரிகளை ஒன்றாகக் கட்டிய பிறகு எண்ணுங்கள்.

4 பிப்ரவரி

விதி எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் குடும்பப் பெயர் மாதிரி. 913 தெரிந்த ஸ்கேனர் கருவிகள். 920 நெறிமுறை மீறல். 930 சர்வரில் உள்ள கோப்புகளை எட்டிப் பார்ப்பது. 932 கட்டளைகளை ஓடவைக்கும் முயற்சி. 933 பிஎச்பி. 941 பக்கத்தில் ஸ்கிரிப்ட் செருகுவது. 942 எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்துக்கான மொழியில் கட்டளை செருகுவது. 944 ஜாவா. 950 முதல் 954 வரை உள்ளவை வெளியே போகும் பதிலைப் பார்ப்பவை, அவற்றுக்குத் தனியாக வருகிறேன். நிரலில் முழு எண்ணை வைத்துக் குழுவாக்காமல் மூன்று இலக்கத்தை வைத்துக் குழுவாக்கினால் படம் சட்டென்று தெளியும்.

5 பிப்ரவரி

‘அந்த ஒரே ஒரு முகவரி 10 என்று ஆரம்பிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுக்க வேண்டாம், தயவுசெய்து. 10 என்று தொடங்குவது உள் நெட்வொர்க் முகவரி. அது பெரும்பாலும் உங்களுடைய லோட் பேலன்சர், அதாவது வரும் கோரிக்கைகளை வாங்கிச் சர்வர்களுக்குப் பங்கிடும் பெட்டி. தடுத்தால் தளமே விழும்.

இதே இடத்தில் நான் ஒரு வாரத்தை இழந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக ஒரு வேலையில் சேர்ந்தபோது, ஒரே முகவரியிலிருந்து எஸ்க்யூஎல், கோப்புத் தேடல், கடவுச்சொல் ஊகம் எல்லாம் வருவதைப் பார்த்து, எல்லாக் கலையும் கைவந்த ஒரே ஆள் என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அந்த முகவரியைப் பார்த்தவுடன் நெட்வொர்க் வரைபடத்தை என் முன்னால் விரித்தார். எல்லாருடைய கோரிக்கைகளும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்திருக்கின்றன.

உண்மையான முகவரி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் இருக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த ஹெட்டரின் இடப்பக்கத்து முகவரியை எவர் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். உங்களுடைய பிராக்ஸிகள் (லோட் பேலன்சர் போன்ற இடைப்பெட்டிகள்) சேர்ப்பவை வலப்பக்கத்தில் வரும். வலமிருந்து இடமாக நடந்து, உங்கள் பிராக்ஸிகளின் முகவரிகளைக் கழித்த பிறகு முதலில் நிற்பதுதான் நம்பத் தகுந்தது. இடப்பக்கத்தில் 127.0.0.1 என்று எழுதி வந்த கோரிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளிருந்து வரும் கோரிக்கை என்று செயலி ஏமாந்து நிர்வாகப் பக்கத்தைத் திறந்துவிடாதா என்ற எதிர்பார்ப்பு.

6 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு குறை. உண்மையான முகவரி கிடைத்துவிட்டாலும் முகவரியும் ஆளும் ஒன்று என்று ஆகிவிடாது. கைபேசி இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். அப்படிப் பகிர்பவர்களின் உள்முகவரிகளுக்கென்றே 100.64.0.0/10 என்ற தொகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரந்தரத் தடை போட்டால் தாக்கியவர் வேறு முகவரிக்குப் போய்விடுவார், பின்னால் வரும் அப்பாவிதான் மாட்டுவார். தடை போடவேண்டிய கட்டாயம் வந்தால் மணிக்கணக்கில் போடுங்கள்.

9 பிப்ரவரி

‘அப்படியானால் எங்கிருந்துதான் வாசிப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் செய்வதைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு வருகையாளரை எடுக்கிறேன். அவருடைய எல்லாக் கோரிக்கைகளையும் நேர வரிசையில் வைக்கிறேன். ஃபயர்வால் எச்சரித்தவை மட்டும் போதாது. சர்வர் எல்லாக் கோரிக்கைகளையும் எழுதிவைக்கும் சாதாரண அணுகல் பதிவில் உள்ளவையும் வேண்டும். இரண்டையும் அடையாளக் குறியால் இணைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நேரத்தாலும் முகவரியாலும் இணைக்கலாம். அப்படி இணைப்பதற்கு முன் இரண்டு கோப்புகளும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எஸ்க்யூஎல் ஓட்டை தேடுபவர் கையால் தேடினால் கதை ஏறக்குறைய இப்படிப் போகும். தேடல் பெட்டியில் முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று, பதிவில் %27 என்று தெரியும். பக்கம் உடைகிறதா? அடுத்தது இரண்டு மேற்கோள் குறிகள். இப்போது உடையாமல் வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். பிறகு 1=1 என்று எப்போதும் மெய்யாகும் நிபந்தனை ஒன்று, 1=2 என்று எப்போதும் பொய்யாகும் நிபந்தனை ஒன்று. இரண்டு பதில்களின் அளவும் வேறுபட்டால் தரவுத்தளம் அவர் பேச்சைக் கேட்கிறது என்று பொருள். பதிலில் வேறுபாடு தெரியாவிட்டால் ‘ஐந்து விநாடி தூங்கு’ என்ற கட்டளை. பதில் ஐந்து விநாடி தாமதித்தால் அதுவே அவருக்கு விடை.

இதில் நம் பக்கத்துக்கு வேண்டியது என்ன? முதல் படியான அந்த ஒற்றை மேற்கோள் குறி, விதித் தொகுப்பின் மிகக் கீழான கண்டிப்பு நிலையில் (எவ்வளவு எளிதில் எச்சரிக்க வேண்டும் என்ற அமைப்பு அது) பெரும்பாலும் எச்சரிக்கையே எழுப்பாது. எச்சரிக்கை வரும்போது அவர் மூன்றாவது, நான்காவது படியில் இருப்பார். ஆகவே எச்சரிக்கை நேரத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். அடுத்தது, பதிலின் அளவும் பதில் கொடுக்க எடுத்த நேரமும் பதிவில் இருக்க வேண்டும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர்களில் வழக்கமான பதிவு வடிவத்தில் அளவு உண்டு, நேரம் கிடையாது. அதை நீங்களே சேர்க்க வேண்டும். இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் சேர்த்தால் அதற்கு முந்தைய நாட்கள் திரும்பி வராது.

பிறகு நிலைக் குறியீடு, அதாவது சர்வர் பதிலோடு தரும் எண். 403 என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பியாகிவிட்டது. எச்சரிக்கையும், பதில் வழக்கம்போல் போனதைக் காட்டும் 200-ம் சேர்ந்து வந்தால், கண்டோம் ஆனால் உள்ளே விட்டோம் என்று பொருள். உங்கள் அமைப்பு ‘கண்டறிதல் மட்டும்’ நிலையில் இருந்தால் எல்லாமே உள்ளேதான் போயிருக்கும். 403-களின் மலையைப் பார்த்து மலைக்காமல் 200-களைப் பொறுக்குங்கள். வெளிச்செல்லும் பதிலில் 951 வரிசை விதி ஒன்று எழும்பியிருந்தால், தரவுத்தளப் பிழைச் செய்தி பதிலில் தெரிந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு அதை எடுக்க வேண்டும்.

10 பிப்ரவரி

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த 942100-ஐ விரித்துப் பார்த்ததில் எல்லாமே ‘குறிப்பு’ என்ற ஒரே படிவப் பெட்டியிலிருந்து வருகின்றன, உள்நுழைந்த பயனர்கள் என்கிறீர்கள். அது பொய் எச்சரிக்கை. 942100 என்பது லிப்இன்ஜெக்‌ஷன் என்ற நூலகத்தின் தீர்ப்பு. அது உரையை எஸ்க்யூஎல் துண்டுகளாக உடைத்து, அந்தத் துண்டுகளின் வரிசை தெரிந்த தாக்குதல் வார்ப்போடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. மனிதர் எழுதும் வாக்கியமும் சில வேளை அந்த வார்ப்பில் விழுந்துவிடும்.

நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது: ஒரே ஆள் பல அளவுருக்களைத் (படிவப் பெட்டி போலக் கோரிக்கையில் மதிப்பு வரும் இடங்களை) தட்டினால் தாக்குதல், பல பேர் ஒரே அளவுருவில் மாட்டினால் பொய் எச்சரிக்கை.

விலக்கு கொடுக்கும்போது அந்த விதிக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டும் கொடுங்கள். விதியையே அணைத்துவிட்டால் தளத்தின் மற்ற எல்லாப் பெட்டிகளும் காவல் இழக்கும்.

கண்டிப்பு நிலை நான்கு உண்டு. ‘மூன்றாவதுக்கு ஏற்றிவிட்டால் பாதுகாப்பு கூடுமே’ என்று ஆசை வரும். தமிழ் உள்ளீடு வாங்கும் தளமாக இருந்தால் பொறுங்கள். மூன்றாவது நிலையில் 920272 என்ற விதி, ஆங்கில எழுத்துகள் அடங்கிய குறும்பட்டியலுக்கு வெளியே ஒரு பைட்டு வந்தாலும் எழும்பும். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு. யூஆர்எல்லில் விழுக்காட்டுக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லே ஐந்து குறிகள், 15 பைட்டுகள், 45 எழுத்துகள். தேடல் பெட்டியில் தன் மொழியில் ஒரு சொல்லை எழுதியவரைத் தாக்குபவர் என்று பதிவு செய்து 403 காட்டுவது எனக்குப் பொறுக்காத விஷயம். நிலையை ஏற்றுபவர்கள் முதலில் தங்கள் பயனர்கள் எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

11 பிப்ரவரி

இரவெல்லாம் அந்தக் கைக்கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ‘பல பேர், ஒரே அளவுரு’ என்பது பாட்நெட்டுக்கும், அதாவது கைப்பற்றிய கணினிகளை ஒன்றாக ஏவும் கூட்டத்துக்கும், பொருந்துமே! நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து ஒரே உள்நுழைவுப் பெட்டியைத் தட்டினால் என் கணக்குப்படி அது பொய் எச்சரிக்கை ஆகிவிடும். தவறு. திருத்திக்கொள்கிறேன்.

முகவரிகளோடு நிற்காமல் உள்ளே இருக்கும் மதிப்பையும் பார்க்க வேண்டும். மனிதர்கள் எழுதியவை நீளத்திலும் சொல்லிலும் ஒன்றுக்கொன்று வேறுபடும். கருவி அனுப்பியவற்றில் எண்களையும் பெயர்களையும் நீக்கிவிட்டால் ஒரே எலும்புக்கூடு மிஞ்சும். நான் எண்கள் எல்லாவற்றையும் 0 ஆக்கி, மேற்கோளுக்குள் இருப்பதை வெறுமையாக்கி, அதன் பிறகு குழுவாக்குகிறேன். முன்பு தனித்தனித் தாக்குதல்களாகத் தெரிந்தவை இரண்டு மூன்று எலும்புக்கூடுகளாகச் சுருங்கிவிடும்.

டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பைத் தொடங்கும்போது கருவி தன் அமைப்புகளைச் சொல்லும் விதம் ஒரு கைரேகை மாதிரி. அதுவும் உதவும். 2017-இல் ஜேஏ3, 2023-இல் ஜேஏ4 என்ற முறைகள் வந்தன. முகவரி மாறினாலும் கருவி மாறாவிட்டால் கைரேகை மாறாது. 2023-இல் குரோம் உலாவி அந்தத் தொடக்கச் செய்தியில் உள்ள டிஎல்எஸ் நீட்சிகளின் வரிசையைக் கலைத்து அனுப்பத் தொடங்கிய பிறகு ஜேஏ3 உலாவிகளுக்கு அவ்வளவு பயன்படுவதில்லை. பைத்தான் நிரல்களுக்கு இன்னும் பயன்படுகிறது.

12 பிப்ரவரி

சிறு குறிப்பு. எங்கள் சர்வரில் வேர்ட்பிரஸ் ஒரு நாளும் இருந்ததில்லை. அதன் உள்நுழைவுப் பக்கத்தைத் தினமும் யாராவது தட்டுகிறார்கள். இல்லாத கதவைத் தட்டுபவருக்குத் திறக்க யாரும் வரப்போவதில்லை, விட்டுவிடலாம். ஆனால் கடவுச்சொற்கள் இருக்கும் ‘டாட் என்வ்’ அமைப்புக் கோப்பையும் நிரலின் வரலாறு இருக்கும் ‘கிட்’ கோப்புறையையும் கேட்டவர்களுக்கு ‘இல்லை’ என்னும் 404 தவிர வேறு ஏதாவது போனதா என்று ஒருமுறை பாருங்கள். அந்தக் கோப்பு தவறுதலாக வெளியே இருந்தால் தரவுத்தளக் கடவுச்சொல் ஒரே கோரிக்கையில் போய்விடும். ஒரே கோரிக்கை எந்த ‘முதல் பத்து’ பட்டியலிலும் வராது.

14 பிப்ரவரி

ஜாவா செயலிகள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்ட நாட்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மறக்க மாட்டேன்.

2021 டிசம்பர் 10 அன்று அந்த ஓட்டை ஊரறிந்த செய்தியானது. அன்றே பதிவில் வந்துவிட்டது. யூசர் ஏஜென்ட், ரெஃபரர், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், குக்கி, தேடல் சொல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒரே சரத்தை (எழுத்துத் தொடரை) வைத்து அனுப்பினார்கள். லாக்4ஜே அதைப் பதிவில் எழுதினால் சர்வர் தாக்குபவரின் சர்வரைத் தொடர்புகொள்ளும். எந்த ஹெட்டரை அந்தப் பக்கத்துச் செயலி பதிவில் எழுதும் என்று அனுப்புபவருக்குத் தெரியாதே, அதனால் எல்லாவற்றிலும். முதலில் வந்தவை ஒளிவுமறைவு இல்லாதவை. விதிகள் அவற்றைப் பிடிக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு எழுத்தையும் ‘சிற்றெழுத்தாக்கு’ என்ற உள்கட்டளைக்குள் பொதிந்து அனுப்பினார்கள். சேர்த்துப் படித்தால்தான் சொல் தெரியும். நம் விதி மாற மாற அவர்கள் சரமும் மாறுவதை நாள்வாரியாகப் பார்க்க முடிந்தது. தாக்குதல் வடிவம் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் புரிந்தது அந்த வாரத்தில்தான்.

எங்கள் செயலியில் ஜாவா இல்லை, எனவே கவலையில்லை என்றுதான் எல்லாரும் பேசினோம். மூன்றாவது நாள் ஒருவர் கேட்டார்: ‘இந்தப் பதிவுகளைச் சேர்த்துத் தேடிக்கொடுக்கும் கருவி எதில் எழுதியது?’ ஜாவாவில். தாக்குதல் சரம் முழுவதையும் நாங்களே கவனமாகச் சேகரித்து, அந்த ஓட்டை இருக்கக்கூடிய கருவியின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றிரவு சர்வர்களிலிருந்து வெளியே போன டிஎன்எஸ், எல்டாப் இணைப்புகளை (அந்தச் சரம் பலித்திருந்தால் அவற்றில்தான் தெரியும்) எல்லாம் உட்கார்ந்து பார்த்தோம். சந்தேகப்படும்படி எதுவும் போகவில்லை. ஆனால் அதை ஃபயர்வால் பதிவால் சொல்ல முடியவில்லை. வெளிச்செல்லும் பதிவுதான் சொன்னது.

பதிவில் இருப்பது எதிராளி எழுதிய உரை. அதை உலாவியில் அழகான பலகையாகக் காட்டும்போது உள்ளிருக்கும் ஸ்கிரிப்ட் உங்கள் திரையிலேயே ஓடலாம். அதே எச்சரிக்கையோடு கையாளுங்கள்.

15 பிப்ரவரி

இன்னொன்று மறந்துவிட்டேன். ஃபயர்வால் எச்சரித்த கோரிக்கைகளை விவரமாக எழுதிவைக்கும் தணிக்கைப் பதிவின் ‘சி’ பகுதியில் கோரிக்கையின் உடல், அதாவது படிவத்தில் நிரப்பி அனுப்பியவை, அப்படியே இருக்கும். உள்நுழைவுப் பக்கத்தில் ஒரு பொய் எச்சரிக்கை எழும்பினால் பயனரின் கடவுச்சொல் தெளிவாக அதில் எழுதப்பட்டுவிடும். கடவுச்சொல் அளவுருவை மறைத்து எழுத மாட்செக்யூரிட்டியிலேயே வழி உண்டு. செய்யாவிட்டால் உங்கள் தளத்தில் திருடத் தகுந்த கோப்பு அதுதான்.

20 பிப்ரவரி

‘எலும்புக்கூடு கிடைத்துவிட்டது, நானே விதி எழுதிவிட்டேன்’ என்று ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனை (உரையில் வார்ப்பைத் தேடும் குறிமொழியை) அனுப்பியிருந்தீர்கள். அதன் நடுவில் .*.*=.* என்று இருக்கிறது. மாற்றுங்கள். 2019 ஜூலை 2 அன்று, பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் ஃபயர்வாலில் ஏற்றிய புதிய விதி ஒன்றில் இதே வகைத் துண்டு இருந்தது. பொருந்தாத உரை வரும்போது இரண்டு நட்சத்திரங்களும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று எல்லா வழிகளையும் முயன்று பார்க்கும். உலகம் முழுவதும் அவர்களுடைய சர்வர்களின் சிபியுக்கள் அதிலேயே மூழ்கின, ஏறத்தாழ 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் 502 என்ற பிழையைக் காட்டின. அந்தத் துயரத்தில் ஒரு தாக்குபவரும் இல்லை. புதிய விதியை முதலில் பதிவு மட்டும் செய்யும் நிலையில், சில சர்வர்களில் மட்டும் விடுங்கள்.

23 பிப்ரவரி

இதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் உண்மையாகவே வெளியே போயின. ஃபயர்வால் பதிவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கட்டணப் பட்டியல் (பில்) எண் 1001, அடுத்த கோரிக்கையில் 1002, அடுத்து 1003. முறையாக உள்நுழைந்த ஒரு பயனர், முறையான யூஆர்எல், ஒவ்வொன்றுக்கும் 200. அடுத்தவருடைய கட்டணப் பட்டியலைக் கேட்கிறாரா என்று செயலி சரிபார்க்கவில்லை. மேற்கோள் குறி இல்லை, ஸ்கிரிப்ட் இல்லை, விதிக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. அதே வாரத்தில் நான் 942 வரிசையில் தடுத்த கோரிக்கைகளின் எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டு மேலே அனுப்பியிருந்தேன். அந்த வரைபடத்தைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

திருடப்பட்ட கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியாகத் தூய்மையானது. பெரிய உடலோடு வரும் கோரிக்கைகளையும் கவனியுங்கள்: சில ஃபயர்வால் சேவைகள் உடலின் முதல் பகுதியை மட்டுமே ஆராயும், அமேசானின் ஃபயர்வாலை லோட் பேலன்சரோடு இணைத்தால் அந்த எல்லை 8 கிலோபைட். முன்னால் குப்பையைப் போட்டு நிரப்பிவிட்டு, சரக்கைப் பின்னால் வைத்து அனுப்புவார்கள். எல்லையைத் தாண்டியதை என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் அமைத்திருக்க வேண்டும்.

ஃபயர்வாலே வழியான கதையும் உண்டு. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் தவறாக அமைக்கப்பட்ட ஒரு வலைச் செயலி ஃபயர்வாலைப் பயன்படுத்தி, கிளவுட் சர்வருக்கு உள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய சேவையிடம் ஒருவர் தற்காலிகச் சாவிகளைக் கேட்டு வாங்கினார். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடி, கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் அதில் சிக்கின. உங்கள் பதிவில் 169.254.169.254 என்ற முகவரி எந்த அளவுருவிலாவது வந்திருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். அந்தச் சேவைக்குரிய முகவரி அது.

24 பிப்ரவரி

இரண்டு பேர் கேட்டதால்: எண் வரிசையாக ஓடுவதைப் பிடிக்க அணுகல் பதிவு போதும். ஒரு பயனர் ஒரு மணி நேரத்தில் எத்தனை வெவ்வேறு கட்டணப் பட்டியல் எண்களைப் பார்த்தார் என்று எண்ணுங்கள். மொத்தக் கோரிக்கைகளை எண்ண வேண்டாம், வெவ்வேறு எண்களை மட்டும். பயனரின் அடையாளம் பதிவில் இருந்தால்தான் இது முடியும். எங்களிடம் அப்போது அது இல்லை.

2 மார்ச்

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் பார்த்தேன். வழிப்போக்கர்களைக் கழித்து, ‘குறிப்பு’ பெட்டியைக் கழித்து, எலும்புக்கூடு பிரித்த பிறகு மிஞ்சியது ஒரு வருகையாளர். மூன்று நாட்களில் பதினொரு கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி, பத்து தேடல் பெட்டிக்கு, ஒன்று பழைய காப்புக் கோப்புக்கு. ஹோஸ்ட் ஹெட்டரில் தளத்தின் பெயர் சரியாக இருக்கிறது. எட்டு 403, மூன்று 200. உங்கள் முதல் பட்டியலில் இவர் எந்த இடத்திலும் இல்லை.

அந்த மூன்று 200-களின் பதில் அளவை எனக்கு எழுதுங்கள். பிறகு அவருடைய முதல் எச்சரிக்கைக்கு முந்தைய இரண்டு நாட்களின் அணுகல் பதிவை எடுத்து, தேடல் பெட்டியில் %27 வந்த வரிகளைப் பாருங்கள். முகவரி வேறாக இருக்கலாம், அதனால் கைரேகையை வைத்துத் தேடுங்கள். %2527 என்றும் தேடுங்கள், இருமுறை பொதிந்து அனுப்பியிருந்தால் அப்படித்தான் தெரியும். பதிவுக் கோப்பு சுழற்சியில் அழிந்துவிடும் முன் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.